பச்சையம்மா வீட்டுச் சிவப்பு விளக்கு

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எந்த மின்சாமான் வந்தாலும், அதில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் எனக்குப் பொறுக்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றி உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. "வாரண்டி போயிடும் மாமா" என்று மருமகள் கத்துவாள். போகட்டும். வாரண்டி போனால் இன்னொரு சாமான் வாங்கலாம்.

போன மாதம் நான் வேலை பார்த்த பழைய பிரிவு அலுவலகத்திலிருந்து, புதிதாகச் சேர்ந்த இளநிலைப் பொறியாளர் அம்மா ஒருவர் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். வீட்டுக் கரண்டில் நேராக எல்.இ.டி. எரிய வைப்பது எப்படி என்று யாரோ செய்து காட்டுகிற படம். "ஒரே ஒரு கண்டன்சர் போதும்னு சொல்றாங்க. நிஜமாவே எரியுமா சார்?" என்று கேட்டார். "எரியும்மா. எந்தப் பக்கம் சொருகினாலும் ஜோரா எரியும். அதுதான் தொல்லையே" என்றேன். அவர் விடவில்லை. எழுதித் தந்தால் வேலைக்கு வந்திருக்கிற பசங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்றார். கம்பம் ஏறச் சொன்னால் ஏறியிருப்பேன், எழுதச் சொல்லி மாட்டிவிட்டார். இதில் வருகிற ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இது நடந்த ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

எனக்குக் கலசப்பாக்கம் பக்கம். நெல் வயலில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு எழுபதுகளின் நடுவில் மின்சார இலாகாவில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். குழி தோண்டினேன், கம்பம் சுமந்தேன், திட்டு வாங்கினேன். என் படிப்பு அவ்வளவுதான். ஒயர்மேன் ஆனதும் ஜவ்வாது மலை மேல் ஜமுனாமரத்தூருக்குத் தூக்கிப் போட்டார்கள். "யாரைடா பகைச்சிக்கிட்ட?" என்று நண்பர்கள் கேட்டார்கள். அங்கே பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் வரும்வரை புளிய மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆனால் அங்கேதான் எனக்கு ஜே.இ., அதாவது இளநிலைப் பொறியாளர், தட்சிணாமூர்த்தி மேலதிகாரியாகக் கிடைத்தார். அதற்கு முன்னால் நான் கற்ற வேலையெல்லாம் வேலையே இல்லை.

அவர் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஹெல்ப்பரைக்கூட "வாங்க, போங்க" என்பார். சுவிட்ச் போர்டில் கை வைப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஃபியூஸைப் பிடுங்கினால் அதை அங்கேயே வைக்க விடமாட்டார். பிடுங்கியவன் பையில்தான் அது இருக்க வேண்டும், வேலை முடிந்து அவனே எடுத்துத் திரும்பச் சொருக வேண்டும். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினாலே நாங்கள் ஆளுக்கொரு மூலையாக நழுவிவிடுவோம்.

"கரண்டு இல்ல சார்" என்று அவரிடம் சொல்லக் கூடாது. "இல்லைன்னு எப்படித் தெரியும்? பார்த்தீங்களா?" என்பார். ஒருமுறை சந்தைத்தெரு மாவு மில்லில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, மோட்டாரில் கை வைக்கக் குனிந்தேன். "பார்த்தீங்களா?" என்றார். "கைப்பிடியை நானே இறக்கினேன் சார்" என்றேன். "கைப்பிடி இறங்கிச்சு. உள்ளே இருக்கிற கத்தி இறங்கிச்சா?" என்றார். வேண்டா வெறுப்பாக டெஸ்ட் லாம்ப்பை எடுத்து வைத்தேன். டெஸ்ட் லாம்ப் என்பது வேறொன்றுமில்லை, ஹோல்டரில் ஒரு நாற்பது வாட் பல்பு, அதிலிருந்து நீளமாக இரண்டு ஒயர். பல்பு பளிச்சென்று எரிந்தது. சுவிட்சுக்குள் கரண்டைச் சேர்க்கிற மூன்று செம்புக் கத்தியில் ஒன்று வெந்து ஒட்டிக்கொண்டு இறங்காமலே நின்றிருந்தது. நான் அங்கேயே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் மில்காரரிடம் எனக்கு மோர் வாங்கித் தரச் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், ஆலங்காயம் பக்கத்து அடிவாரத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் கோவிந்தன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஐயா, எம் பொண்ணை அடிச்சது கரண்டா, சாமியான்னு நீங்கதான் வந்து பாத்து சொல்லணும்" என்றார்.

இலாகாவில் அத்தனை வருஷத்தில் இப்படி ஒரு புகாரை நான் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்புகூட வந்தது. ஜே.இ. என்னை ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

கோவிந்தனின் மகள் அலமேலுவை மலை மேல் ஓர் ஊரில், ஜமுனாமரத்தூர்ச் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தனபால் என்ற பையனுக்குக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி முதல் பொங்கல். தனபாலின் அம்மா பச்சையம்மா. புளியும் சாமையும் உள்ள வசதியான வீடு, ரேடியோவுக்கென்று பிளக் பாயின்ட்கூட வைத்திருந்தார்கள். பையன் வாணியம்பாடியில் ரேடியோக் கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவன். அங்கிருந்து ஒரு சிவப்பு எல்.இ.டி. கொண்டுவந்து, அம்மாவுக்காகச் சாமி படத்துக்கு முன்னால் எண்ணெய் இல்லாமல் இரவும் பகலும் எரிகிற மாதிரி ஒரு விளக்குச் செய்து வைத்திருந்தான். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனதாம்.

விளக்கு என்றால் பொட்டு வைக்காமல் விடுவார்களா? குத்துவிளக்கானாலும் சரி, புதிதாக வாங்கின லாந்தரானாலும் சரி, மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் கும்பிடுவார்கள். பச்சையம்மாவும் மாதக்கணக்காகக் குளித்துவிட்டு வந்து, ஈர விரலால் அந்தச் சிவப்புப் பொட்டுக்கு ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பொங்கலன்று, "தலைப்பொங்கல், இன்னிக்கி நீ வெய்யி" என்று மருமகளிடம் தட்டைக் கொடுத்திருக்கிறாள். பெருமையாகக் கொடுத்ததுதான். அலமேலு விரலை வைத்ததும் தூக்கி எறியப்பட்டுச் சுவரில் விழுந்தாள். தனபால் பாய்ந்து ஒயரைப் பிடித்து இழுத்திருக்கிறான். இரண்டு விரல்கள் வெந்துவிட்டன.

மாதத்தில் அந்த நாட்களில் பெண்கள் வீட்டுக்குள் வராமல் வெளிக் குடிசையில் தங்குவது அங்கே வழக்கம். வீட்டுக்குத் தூரம் என்பார்கள். அலமேலு தூரமாக இருந்ததை மறைத்துவிட்டுச் சாமி விளக்கைத் தொட்டிருக்கிறாள், அதனால்தான் அம்மன் அடித்துவிட்டாள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அன்று சாயங்காலமே அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வர்ற சந்தை முடிஞ்சதும் ஊரு கூடுதுங்க. சாமி குத்தம்னு முடிவாச்சின்னா தாலிய வாங்கிக்குவாங்கோ. பையனுக்கு வேற எடத்துல பொண்ணு பாக்கறாங்கன்னு கேள்வி" என்றார் கோவிந்தன்.

"பொண்ணு என்ன சொல்லுது?"

"சுத்தமாத்தான் இருந்தேன்னு சொல்லுது. எங்க வூட்டுக்காரியும் அத்தத்தான் சொல்றா. யாரு நம்பறாங்கோ?"

ஜே.இ. ஊரையும் பெயரையும் குறித்துக்கொண்டார். பிறகு, "வந்து பார்க்கிறோம். கரண்டுன்னா கரண்டுன்னு சொல்வோம். இல்லைன்னா, இல்லைன்னும் ஊர்ல சொல்லிடுவோம். சம்மதமா?" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! பெண்ணைப் பெற்றவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறான், கரண்டுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? கோவிந்தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சம்மதங்க" என்றார்.

முதலில் அலமேலுவைப் பார்க்க அடிவாரத்துக்கு இறங்கினோம். விரலில் துணிக்கட்டோடு வந்து கதவோரம் நின்றாள். இருபது வயதுகூட இருக்காது. ஜே.இ. கேட்ட கேள்வியெல்லாம் எனக்கு அற்பமாகத் தெரிந்தது. தலை ஈரமாக இருந்ததா? தரை எப்படி இருந்தது? முதலில் வைத்தது மஞ்சளா, குங்குமமா? முந்தின நாள் வீட்டில் என்ன வேலை நடந்தது?

"போகிக்கு வூட்டைப் பூசனோம். சாமான் எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டுட்டு, சாணி மெழுகி, திரும்ப வெச்சோம். தரை ஈரமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

நாங்கள் கிளம்பும்போது, "சார்" என்று கூப்பிட்டாள். "அத்தை தெனமும் தொடறாங்கோ. அவங்கள ஒண்ணியும் செய்யல. நான் ஒரே ஒரு தபா தொட்டேன். எனக்குத் தெரியாம நான் எதுனா தப்பு பண்ணிட்டேனா? அப்படியும் இருக்குமா?"

இதற்கு அவர் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். "இன்னும் பார்க்கலைம்மா" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் தனபால் வீட்டுக்குப் போனோம். கோவிந்தனும் வந்திருந்தார். ஊர் நியாயம் சொல்கிற ஊர்க்கவுண்டரும் நாலைந்து பெரியவர்களும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். வாசலில் பெண்கள் கூட்டம். வீட்டுக்குள் இருட்டு, அந்த இருட்டில் சாமி படத்தடியில் சிவப்பாக ஒரு சொட்டு எரிந்துகொண்டிருந்தது. அது நடந்த பிறகு வீட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தீட்டுக் கழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினார்களாம்.

ஜே.இ. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். ஒரு சோப்பு டப்பா. அதன் மூடியில் ஓட்டை போட்டு எல்.இ.டி.யைத் தலைகீழாகச் செருகி, இரண்டு கால்களும் வெளியே தெரிகிற மாதிரி பற்றவைத்திருந்தான் பையன். அந்தக் கால்களின் மேல்தான் மஞ்சள் காய்ந்து அப்பியிருந்தது. டப்பாவிலிருந்து ஒரு ஒயர் ரேடியோ பிளக் பாயின்ட்டுக்குப் போயிற்று. முனையில் இரண்டு முள் பிளக்.

"எப்படிச் செஞ்சீங்க தம்பி?"

"உள்ள ஒரு கண்டன்சர் கீது சார். அதுதான் கரண்டக் கொறைக்குது. இந்த வெளக்குக்கு ரெண்டு வோல்ட்டுதான். டார்ச் லைட்டுலகூட இதவிட ஜாஸ்தி. நாக்குல வெச்சாக்கூட ஒண்ணும் ஆவாது." தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "அதான் சார் எனக்கும் புரியல. ரெண்டு வோல்ட்டு எப்படி ஆளத் தூக்கி அடிக்கும்?"

கவுண்டர் தொண்டையைச் செருமினார். "இத்தத்தான் நாங்களும் சொல்றோம். செஞ்சவனே சொல்றான், இதுல அடிக்கிற கரண்டு இல்லன்னு. அவங்க அம்மா தெனமும் தொட்டுக்கினு கீறா. அப்ப அடிச்சது இன்னா?"

அவர்களை மடையர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். பையன் சொன்ன கணக்கும் பொய்யில்லை.

வாசலில் தண்ணீர்த் தொட்டி ஓரம் எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தில் ஒரு கடப்பாரையை ஆழமாக இறக்கச் சொன்னார் ஜே.இ. இறக்கி, சுற்றிலும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். கடப்பாரையில் ஒரு ஒயரைக் கட்டி உள்ளே கொண்டுவந்து, டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை அதோடு முறுக்கினேன். "இது மண்ணு. ஈரத் தரையில நிக்கிற மனுஷங்களும் மண்ணுதான். இப்ப இந்தப் பல்புதான் அந்தப் பொண்ணு. விளக்குல கரண்டு இருந்தா இது எரியும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு, "வைங்க" என்றார் என்னிடம்.

ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு மற்ற முனையை எல்.இ.டி.யின் காலில் வைத்தேன்.

பல்பு எரியவில்லை.

அழுத்தி வைத்தேன். மறு காலில் வைத்தேன். கரிக்கட்டை மாதிரி இருந்தது பல்பு. வாசலில் பெண்கள் "அம்மாடி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோவிந்தன் பல்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்ன சொல் சொன்னதுதானே, இல்லையென்றால் இல்லையென்று சொல்லிவிடுவோம் என்று இந்த மனுஷனே வாக்குக் கொடுத்திருக்கிறாரே. அந்தப் பெண்ணின் வாழ்க்கையை எங்கள் கையாலேயே முடித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

"இல்லைன்னு பார்த்தோம்" என்றார் ஜே.இ. குரலில் எந்த மாற்றமும் இல்லை. "அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சான்னு இன்னும் பார்க்கலை. தம்பி, அன்னிக்கு ஒயரை இழுத்தீங்களே, பிளக்கு கழண்டு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார்."

"தீட்டுக் கழிச்சுட்டுத் திரும்பச் சொருகினீங்களா?"

"நான்தான் சொருகினேன்."

அவர் பிளக்கைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். கறுப்பு பிளக், ஒரே மாதிரி இரண்டு முள். "இதுல இதுதான் மேல் பக்கம்னு அடையாளம் இருக்கா?" என்று கேட்டார். யாருக்கும் எதற்காகக் கேட்கிறார் என்று விளங்கவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிளக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பிச் சொருகினார். சிவப்பு விளக்கு முன்பு எரிந்த மாதிரியே எரிந்தது.

"அதே வெளக்குதானே?" என்றார் கவுண்டர்.

"அதேதாங்க. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வைங்க" என்றார்.

ஒயர் முனையை எல்.இ.டி.யின் காலில் வைத்தேன். நாற்பது வாட் பல்பு பளீரென்று எரிந்து வீடு முழுக்க வெளிச்சமாகிவிட்டது. கவுண்டர் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். வாசலில் ஒரு குழந்தை பயந்து அழுதது. ஜே.இ. பிளக்கைத் திரும்ப மாற்றினார், பல்பு இருண்டது. மறுபடி திருப்பினார், எரிந்தது. போதும் போதும் என்று அவர்களே சொல்லும்வரை காட்டினார்.

பசங்களா, இதைக் கவனமாகக் கேளுங்கள். பிளக்குக்கு வருகிற இரண்டு ஒயரில் ஒன்று ஃபேஸ், அதில்தான் அடி. மற்றது நியூட்ரல். தனபால் கண்டன்சரை ஒரு ஒயரில் மட்டும் போட்டிருந்தான். கண்டன்சர் இருக்கிற ஒயர் ஃபேஸ் பக்கம் போனால், எல்.இ.டி. நியூட்ரலோடு சேர்ந்து நிற்கும், தொட்டாலும் ஒன்றும் செய்யாது. பிளக்கைத் திருப்பிச் சொருகினால் எல்.இ.டி. நேராக ஃபேஸில் உட்கார்ந்துவிடும். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவில் அதே இரண்டு வோல்ட்தான், பையன் சொன்னது சரி. ஆனால் காலுக்கும் தரைக்கும் நடுவில் முழு இருநூற்று முப்பது. பச்சையம்மாவுக்கு மாதக்கணக்கில் பிளக் நல்லபடியாக இருந்தது. போகியன்று வீடு பூசப் பிடுங்கினார்கள். திரும்பச் சொருகும்போது புரண்டுவிட்டது.

"போகியன்னிக்கு இதைச் சொருகினது யாரு?" என்று ஜே.இ. கேட்டார்.

பச்சையம்மா தூணோரம் நின்றிருந்தாள். "நான்தான்" என்றாள். அவ்வளவு நேரம் விறைப்பாக இருந்தவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"யார் சொருகினாலும் அப்படி ஆகியிருக்கலாம்மா. உங்க தப்பு இல்லை" என்றார் அவர்.

முடிந்தது என்று நினைத்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். கவுண்டர் விடவில்லை. "சரிங்க ஆபீசர். கரண்டுதான் அடிச்சுது, ஒத்துக்கறேன். ஆனா அத்தினி நாளு நேரா இருந்த பிளக்கு, அந்தப் பொண்ணு தொடற அன்னிக்குன்னு பாத்து ஏன் புரளணும்? பெரட்டனது யாரு? அம்மன் ஒருத்திய அடிக்கணும்னு நெனச்சா கரண்டு ரூபத்துல வரக் கூடாதா?"

பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஜே.இ. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். இந்தக் கேள்விக்கு எந்த டெஸ்ட் லாம்ப்பைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

"கவுண்டரே" என்று பச்சையம்மா கூப்பிட்டாள். மெதுவாகத்தான் கூப்பிட்டாள். "பெரட்டனது யாருன்னு கேக்கறீங்களே, நான்தான்னு இப்பத்தான சொன்னேன்? அம்மன் வந்து சொருகல. இந்தக் கைதான் சொருகுச்சு." வலது கையை நீட்டிக் காட்டினாள். "குத்தம் கீதுன்னா இந்தக் கையிலதான் கீது. என்ன அனுப்புங்க எங்க அப்பன் வூட்டுக்கு. அவரு செத்து வருசம் பத்தாவுது, பரவால்ல, போறேன். தலைப்பொங்கலுக்கு வந்த பொண்ண நானே தட்டக் குடுத்து அடிக்க வெச்சிட்டு, அவ மேல பழியும் போட்டேனே! அடி வாங்கனவ ஒருத்தி, அதுக்கு ஊரு கூடி அவளயே நாயம் கேக்குதா?"

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தனபாலும் அழுதான். கவுண்டர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கோவிந்தன் பக்கம் திரும்பி, "மாமா, பொண்ண கூட்டிக்கினு வாங்க. நல்ல நாளு பாத்து சொல்லி அனுப்பறோம்" என்றார்.

ஜே.இ.க்கு அந்த விளக்கையே எடுத்துவிட வேண்டும் என்றுதான் எண்ணம். கரண்டை விரலால் தொட்டுக் கும்பிடுகிற காரியமே ஆகாது என்றார். பச்சையம்மா கேட்கவில்லை. மருமகள் வந்து அதே விளக்குக்குப் பொட்டு வைத்தால்தான் ஊர் வாய் அடங்கும் என்றாள். சரி, கை படாத மாதிரி செய்யலாம் என்று இறங்கி வந்தார். தனபாலை அலுவலகத்துக்கு வரவழைத்து, இரண்டு ஒயரிலும் ஒவ்வொரு கண்டன்சர் போடச் சொன்னார். இரண்டு முள் பிளக்கை எடுத்துவிட்டு, ஒரே பக்கமாக மட்டும் போகிற மூன்று முள் பிளக் மாட்டினோம். நானே வீட்டுக்குப் போய்ப் பிளக் பாயின்ட்டையும் மூன்று ஓட்டையாக மாற்றி, ஃபேஸ் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துச் சரிசெய்தேன். கடைசியாக ஒரு கண்ணாடி மருந்து பாட்டிலின் அடியை அறுத்து, விளக்கின் மேல் கவிழ்த்து, சுற்றிலும் அரக்கு வைத்து மூடினோம். உள்ளே எரியும், வெளியே கண்ணாடி மேல் பொட்டு.

அலமேலு திரும்பி வரும் நாளில் ஜே.இ.க்குத் திருவண்ணாமலையில் வேலை. என்னை அனுப்பினார். "அந்தப் பொண்ணு பொட்டு வைக்கிறப்ப உங்க கை பிளக்குல இருக்கணும். விளக்கைப் பார்க்காதீங்க, அதோட கையைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஊரே வீட்டில் இருந்தது. கவுண்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கோவிந்தனும் அவர் சம்சாரமும் அலமேலுவை நடுவில் விட்டு வந்தார்கள். மஞ்சள் சேலை, தலையில் கனகாம்பரம். விரல் ஆறியிருந்தது, தோல் மட்டும் வெள்ளையாகச் சுருங்கிக் கிடந்தது. பச்சையம்மா வாசலிலேயே கட்டிக்கொண்டாள். உள்ளே கூட்டி வந்து கையில் தட்டைக் கொடுத்தாள். "வெய்யிம்மா. பயப்படாத" என்றாள்.

நான் சாமி படத்துக்குப் பக்கத்தில், பிளக்கைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். அலமேலு வந்து எனக்கு ஒரு முழத்தில் குனிந்தாள். விரலை மஞ்சளில் தோய்த்தவள் அதோடு நிறுத்திவிட்டாள். பயத்தில் நிற்கிறாள் என்று நினைத்தேன். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் உதடு அசைந்தது. என்னிடம் பேசவில்லை. அம்மன் படத்தைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். கிட்டே இருந்த பாவத்துக்கு எனக்குக் கேட்டுவிட்டது.

"அன்னிக்கி இல்லன்னு சொன்னேன், ஒருத்தரும் நம்பல. இன்னிக்கி ஒருத்தரும் கேக்கல. நான் தூரமாத்தான் வந்து கீறேன் தாயி. அடிக்கறதுன்னா இப்ப அடி."

நானே பார்த்துப் பார்த்துக் கட்டிய விளக்கு. இரண்டு பக்கமும் கண்டன்சர், மூன்று முள் பிளக், மேலே கண்ணாடி. காலையில் வந்ததும் ஒருமுறை டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தாயிற்று. அப்படியும் பிளக்கைப் பிடித்திருந்த என் விரல்கள் பிடுங்கிவிடத் துடித்தன. பிடுங்கியிருந்தால் விளக்கு அணைந்திருக்கும். அது அணைந்தால் அத்தனை பேர் முன்னால் அவள் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது.

அவள் மஞ்சளை வைத்தாள். அவசரப்படாமல், தழும்பு விழுந்த அதே விரலால் கண்ணாடியில் அழுத்தி வைத்தாள். அதன் மேல் குங்குமத்தை வைத்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே நின்று அம்மனைப் பார்த்தாள்.

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினாள். "அத்தே, இத்தினி பேரு வந்து கீறாங்கோ, இன்னும் சோத்துக்கு ஒலகூட வெக்காம இன்னா பண்றீங்கோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அடுப்பங்கரைக்குள் போனாள்.